மொக்கையன் ராஜாவின் பட்டாபிஷேகம்

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் காணோம். கீழே வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். தட்டில் இட்லி ஆறுகிறது. அடுப்படி மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினேன். ஓர் எவர்சில்வர் டப்பா அகப்பட்டது. உள்ளே இருந்த பட்டை கிராம்பை ஒரு காகிதத்தில் கொட்டிவிட்டு, அவசரமாக ஒரு கழுவு கழுவி, இட்லியை அடுக்கி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வந்தவள் டப்பாவைத் தொட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இட்லியெல்லாம் ஒரே கிராம்பு வாசம். அப்புறம் இதுல ஜீ.பா.ன்னு வெட்டியிருக்கு. யாரும்மா அது?"

"தெரிஞ்சவங்க டப்பா."

"அப்ப ஏன் திருப்பிக் குடுக்கல?"

எட்டு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது! போய் முகம் கழுவச் சொல்லி விரட்டிவிட்டேன். பதில் தெரியாத பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளை முகம் கழுவத்தானே அனுப்புகிறோம். அவள் போனபிறகு டப்பாவை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் கிராம்பு இருந்த டப்பா, ஒரு கழுவலில் வாசம் போகுமா? மூடியில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. ஜீ.பா. என்றால் ஜீனத் பானு.

அப்போது நான் மதுரைக் கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கிற வேலையில் இருந்தேன். படித்து முடித்து முதல் வேலை. டாக்டர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். கல்லீரல் இயல்பாக உள்ளது, பித்தப்பை இயல்பாக உள்ளது என்று நாள் முழுக்க அடித்து அடித்து, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலும் இவருக்குப் பித்தப்பை எப்படி இருக்குமோ என்று நினைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஜீனத் வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுப்பவள். தெற்கு வாசல்காரி. நிறைய தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களை அவள் சமாளிப்பதைப் பார்க்கவே இரண்டு கண் பத்தாது. "அண்ணே, இன்னும் ரெண்டே பேருதாண்ணே, மதுரையே உங்கள நம்பித்தான் இருக்கு, பொறுத்துக்கங்க" என்பாள். அவரும் சிரித்துவிடுவார், சிரித்ததும் அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிடும்.

மத்தியானச் சாப்பாடு மாடிப்படியில். இரண்டாம் மாடிக்குப் போகிற படியில் பழைய எக்ஸ்ரே உறைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். அதில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவோம். அந்த வருடப் பெருநாளுக்கு ஜீனத் வீட்டிலிருந்து இந்த டப்பா நிறையப் பிரியாணி வந்தது. நான் அதை உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுபோய், தின்று, கழுவி, மறுநாள் பையில் போட்டேன். அம்மா பிடுங்கிவிட்டாள்.

"என்னாத்தா, வெறும் டப்பாவக் கொண்டுக்கிட்டுப் போறவ? குடுத்தவுக என்ன நெனப்பாக? ஒண்ணுமில்லாட்டி ஒரு கை சீனியாச்சும் போட்டுக் குடுக்கணும்."

அன்றைக்கு டப்பாவில் கருப்பட்டிப் பணியாரம் போனது. ஜீனத் வீட்டிலும் அதே சட்டம்தான் என்பது அதற்கு மறுவாரம் தெரிந்தது. பணியாரம் போன டப்பா சுண்டல் கறியோடு திரும்பி வந்தது. அம்மா பச்சை மொச்சையைப் போட்டு அனுப்பினாள். அவர்கள் ஈத்தம்பழம் போட்டு அனுப்பினார்கள். ஒருவர் விட்டால்தானே மற்றவர் விடுவதற்கு! இரண்டு வருடம் அந்த டப்பா எந்த வீட்டிலும் ஒரு நாளுக்கு மேல் காலியாகக் கிடந்ததில்லை. நானும் ஜீனத்தும் வெறும் தூக்குக்கூலிகள்தான்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். வயதுக்கு வந்த பெண், வேலைக்குப் போகிறவள், கையில் வீடியோ கேம் பெட்டியோடு உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன சொல்லும்? என் மாமா மகன் துபாயிலிருந்து வந்தபோது தன் பழைய கையடக்கப் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஒரு மணி நேரப் பஸ் பயணம். டி.வி.யில் ஓடுகிற படத்தை எத்தனை தடவைதான் பார்ப்பது? பெட்டியைத் திறந்தேன். கண்டக்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா, நீயும் டிக்கெட்டுப் போடுறியா?"

அவர் கையிலிருந்த டிக்கெட் மெஷினும் என் பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அன்றிலிருந்து எனக்குச் சின்னக் கண்டக்டர் என்று பெயர்.

அந்த விளையாட்டின் பெயர் இங்கே எதற்கு? காட்டிலும் மேட்டிலும் குகையிலும் விநோதப் பிராணிகள் திரியும். அவற்றைப் பிடித்து, பழக்கி, ஆறு பேர் கொண்ட படையாக்கி, ஊர் ஊராகப் போய் ஜெயித்து, கடைசியில் ஒரு சக்கரவர்த்தியோடு மோத வேண்டும். அவ்வளவுதான் கதை. ஜீனத்திடமும் இதே பெட்டி இருந்தது. அவளுடைய தம்பி காலேஜுக்குப் போய் மீசை முளைத்ததும் வெட்கப்பட்டு ஒதுக்கியது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். என் பிராணி ஒன்றை அவளுக்குக் கொடுத்து, அவளுடையதை நான் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் கொடுக்காமல் வாங்க முடியாது. அந்தப் பெட்டிக்கும் வெறும் டப்பா பிடிக்காது போலிருக்கிறது.

அரண்மனை யோசனை ஜீனத்துடையது. என் படையில் அப்போது ஒரு தீக்கக்கும் நாய், ஒரு கருவாட்டு மூஞ்சி மீன், நான்கைந்து பூச்சிகள். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னாடி இது, சந்தக் கூட்டமா? நம்ம மதுரக்காரிக. ராசா, ராணி, மந்திரி, தளபதின்னு ஒரு அரமன மாதிரி இருக்க வேணாமா?"

எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் பிடித்துவிட்டது. அன்றே சட்டம் போட்டோம். படையில் ஆறு பேரும் அரண்மனையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் இடமில்லை. பஸ் பயணத்தால் எனக்குத்தான் நேரம் அதிகம், அதனால் அரண்மனை என் பெட்டியில். கண்டுபிடித்துக் கொண்டுவருவதில் அவள் கெட்டிக்காரி, அதனால் வேட்டை அவள் பெட்டியில். என் தீக்கக்கி நாயை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேட்டைநாய் என்று வைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். "வேட்ட நாய் சபையில உக்காருமா? போடி" என்றாள். நாய் போனது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராணி கிடைத்தாள். தேனீ மாதிரி ஒரு பிராணி. அந்தக் கூட்டத்தில் பெண்ணாகப் பிறந்தது மட்டும்தான் வளர்ந்து ராணியாகும். பெண் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஜீனத் டோக்கன் கொடுத்துக்கொண்டே மேஜைக்கு அடியில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள், எல்லாம் ஆண். "அல்லாவே, இங்கயும் பையனாவே பெத்துத் தள்ளுறாங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் பெண் கிடைத்தது. ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்க முடியும். மீனாட்சி என்று வைக்கலாமா என்று கேட்டாள். சாமி பேரை வைத்துச் சண்டைக்கு விடுவதா, கண் அவிந்துவிடும் என்று நான்தான் பயந்து மகாராணி என்று வைத்தேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முறுக்கிய கொம்போடு ஒரு செம்மறிக்கடா, அது தளபதி. எங்கள் பக்கம் கிடாமுட்டுக்கு விட்டால் பரிசு வாங்கி வரும், அப்படி ஒரு நெற்றி. எதிரியைத் தூங்கவைத்தே ஜெயிக்கிற கிழட்டு ஆந்தை, அது மந்திரி. எங்கள் டாக்டரும் மத்தியானத்தில் அப்படித்தான் கண்ணைச் செருகுவார், அதனால் டாக்டர் கடந்து போகும்போதெல்லாம் ஜீனத் "மந்திரி வாராரு" என்று கிசுகிசுப்பாள். பூப்பாவாடை கட்டிய ஒரு குட்டி, இளவரசி. நெற்றிப்பட்டம் வைத்த யானை, பட்டத்து யானை. இந்த ஐந்து பேரையும் பிடித்தவள் ஜீனத். மத்தியானம் மாடிப்படியில் பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பினாள். நான் பதிலுக்கு அனுப்பியதெல்லாம் பூச்சியும் பொட்டும்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் செய்த காரியத்துக்கு இது வேண்டும்.

ராஜா மட்டும் நான் பிடித்தவன். செக்கானூரணி தாண்டி பஸ் நின்றிருந்த ஒரு காலையில், விளையாட்டில் வருகிற ஒரு குட்டைக் கரையில் கிடந்தான். எருமைக் கன்று மாதிரி உடம்பு, பாதி மூடிய கண், வாயோரம் எச்சில். அடித்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் வலிக்கும் அவனுக்கு. எங்கள் பெரியப்பா பேர் மொக்கையன். அதையே வைத்தேன். பெரியப்பாவுக்கு அது தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இந்தச் சோம்பேறிக்குள்தான் ராஜா இருக்கிறான் என்று கண்டுபிடித்ததும் ஜீனத்தான். கிரீடக் கல் என்று ஒரு பொருள். அதை அவன் கையில் கொடுத்து, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அனுப்ப வேண்டும். போய்ச் சேருகிற இடத்தில்தான் அவனுக்குக் கிரீடம் முளைக்கும். சொந்தப் பெட்டியிலேயே வைத்திருந்தால் காலமெல்லாம் எருமைதான். கைமாறினால்தான் பட்டம். பிறகு திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வைகாசி பிறந்ததும் சேர வேண்டும். கையிலிருந்தது சித்திரை மாதம் ஒன்றுதான். அதற்குள் ராஜாவுக்குப் பட்டம் கட்டி, ஆறு பேரோடும் போய்ச் சக்கரவர்த்தியை ஜெயித்துவிட்டுத்தான் மதுரையை விட்டுப் போவது என்று மாடிப்படியில் உட்கார்ந்து சபதம் போட்டோம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரைவிட்டுப் போகிற பயத்தை எல்லாம் நான் அந்தச் சபதத்துக்குள் வைத்துத்தான் பொத்தியிருந்தேன். அரண்மனை நிறைந்துவிட்டால் நான் ஓசூரிலும் ஜீனத் கூடவே இருப்பதுபோல என்று ஒரு எண்ணம்.

நாள் பார்த்தவள் நான். மீனாட்சியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழா. பட்டாபிஷேகத்தன்றைக்கே நாமும் பட்டம் கட்டிவிடுவோம் என்றேன். ஜீனத் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏண்டி, உசிலம்பட்டியில உனக்கு இதெல்லாம் சொல்லித் தரலையா? சித்திரையில அம்மனுக்குத்தான் பட்டம். நாலு மாசம் அவுக ஆட்சி. ஆவணியிலதான் சாமி கைக்குச் செங்கோல் போகும். ராசாவுக்கு ஆவணியிலதான்டி முறை."

கோயில் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். எனக்கு அதற்குமுன் இது உறைத்ததில்லை. ஆனால் ஆவணி வரை நான் எங்கே இருக்கப்போகிறேன்? "நம்ம ராசாவுக்கு அவசரம், சாமி கோவிச்சுக்காது" என்று அடம்பிடித்தேன். மதுரையில் இருந்துகொண்டு முறை மாற்றிப் பட்டம் கட்டினால் விளங்குமா? அதன்பிறகு நடந்ததற்கெல்லாம் ரொம்ப நாள் இந்தத் தப்பைத்தான் காரணமாகச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். உண்மையான தப்பு வேறு.

அன்று சந்து முழுக்க மைக் சத்தம். ஜீனத் இந்த டப்பாவில் தம்ரூட் கொண்டுவந்திருந்தாள். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டு அவர்கள் வீட்டில் செய்கிற இனிப்பு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிராம்பு குத்தியிருந்தது. "ராசாவுக்குப் பட்டமில்ல, இனிப்பு வேணாமா" என்றாள். நெய்க் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பெட்டிகளையும் எக்ஸ்ரே உறைமேல் வைத்தோம். மொக்கையன் போனான். பதிலுக்கு அவள் அனுப்பியது ஒரு பச்சைப் புழு. அவளுடைய பெட்டியின் திரை வெள்ளையாக மின்னியது, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் அதே பாதி மூடிய கண்ணோடு, தலையில் கிரீடத்தோடு நின்றான். நாங்கள் இருவரும் கை தட்டிக் கத்திவிட்டோம். கீழேயிருந்து டாக்டர், "யாரும்மா அங்க, பேஷன்ட் பயப்படுறாங்க" என்று சத்தம் போட்டார்.

"சரி, குடு" என்றேன்.

"இருடி. ராசா மொத மொதலா எங்க வீட்டுக்கு வந்திருக்காரு. நாளைக்கு அனுப்புறேன்."

நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். மிச்சத் தம்ரூட்டோடு டப்பா என் பைக்குள் போனது.

நாளைக்கு என்றாள். மறுநாள் கேட்டால், "நாளைக்கு." அதற்கடுத்த நாள், "இன்ஷா அல்லா நாளைக்கு." அழகர் ஆற்றில் இறங்கி, திரும்பி மலைக்கும் போய்விட்டார், என் ராஜா மட்டும் வந்தபாடில்லை. என் அரண்மனையில் ராஜா இடத்தில் பச்சைப் புழு உட்கார்ந்திருக்கிறது. தளபதியும் மந்திரியும் பட்டத்து யானையும் ஒரு புழுவுக்கு முன்னால் நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து யோசிப்பது எப்போதும் ஆபத்து. ஒரு மணி நேரம் போதும், ஒரு சின்ன சந்தேகம் ஆலமரமாகிவிடும். இவளுக்கு ராஜா மேல் ஆசை வந்துவிட்டது, நான் ஊருக்குப் போய்விட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று நாள் கடத்துகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மத்தியானம் அவள் என்னோடு சாப்பிடாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியே போய் உட்கார்ந்தது வேறு என் கண்ணில் பட்டது. கேட்டால் மூடிவிட்டாள்.

கடைசி நாள். சாயங்காலம் ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். டீ வந்தது. நான் ஜீனத்திடம் போய்க் கையை நீட்டினேன்.

"இன்னும் ஒரே ஒரு நாள் பொறுடி" என்றாள். "நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து குடுக்குறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. எங்கள் குடும்பத்தில் நாக்குக்கு எலும்பில்லை என்பார்கள், அது என் விஷயத்தில் முழு உண்மை. அத்தனை பேர் முன்னால் கேட்டேன்.

"அடுத்தவ பொருள எடுத்தா திருப்பிக் குடுக்கணும்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா? இதத்தான் கத்துக் குடுத்து வளத்தாகளா?"

டீ டம்ளர்கள் எல்லாம் அப்படியே நின்றன. ஒரு வீடியோ கேம் எருமைக்காக என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நகையோ நட்டோ என்றுதான் நினைத்திருப்பார்கள். ஜீனத் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "சரி. நல்லபடியாப் போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனால் அம்மா அந்த டப்பா நிறையக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். காலையில் ஜீனத்துக்குக் கொடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறச் சொன்னாள். நான் நேராக மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். திண்டுக்கல் தாண்டியதும் பணியாரத்தைப் பிரித்துத் தின்றேன். அம்மா போனில் கேட்டபோது "குடுத்துட்டேன்த்தா" என்றேன். ஒருத்தியைத் திருடி என்று சொல்லிவிட்டு வந்த மறுநாள், அவளுடைய டப்பா என் மடியில். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

அப்புறம் என்ன, வாழ்க்கைதான். ஓசூரில் போன் தொலைந்தது, அதோடு எல்லார் நம்பரும் போனது. கல்யாணம், குழந்தை, மறுபடி மதுரை. வந்து ஐந்து வருடமாகிறது. தெற்கு வாசல் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? ஆனால் போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம், இவ்வளவு நாள் கழித்தா என்பது ஒரு பக்கம். டப்பா மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தது. கண்ணில் படாமல் இருக்கத்தான் கிராம்பைக் கொட்டி மேல்தட்டில் வைத்தேன். இடையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்த என் அண்ணன் மகள் அந்தப் பழைய விளையாட்டுப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "அத்த, இதுல பழசு ஏதோ இருக்கு, அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் தாளித்துக்கொண்டிருந்தேன். "அழிச்சுக்க" என்றேன். கடுகு வெடித்து முடிந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்பது புரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. மகாராணி, தளபதி, மந்திரி, இளவரசி, யானை, அந்தப் புழு உட்பட ஒருவரும் இல்லை. அன்று அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

சரி, மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அன்று ராத்திரியே அரிசி ஊறப் போட்டேன். மறுநாள் சனிக்கிழமை. அம்மா சுட்டால் பணியாரம், நான் சுட்டால் சட்டியோடு சண்டை. முதல் இரண்டு ஈடு பிய்ந்து போனது. மூன்றாவது ஈடு ஏதோ மானம் காத்தது. டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்து, பணியாரத்தை அடுக்கி, தெற்கு வாசலுக்குப் போய் விசாரித்தேன். "யாரு, ஜெராக்ஸ் கடை ஜீனத்தா? அந்தா, பச்சை ஷட்டர்" என்றார் ஒரு பாய்.

சின்னக் கடை. ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன், ஆதார் திருத்தம் செய்து தரப்படும் என்று ஒரு போர்டு. ஜீனத் கொஞ்சம் பூசியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். யாரோ ஒருவரிடம், "அண்ணே, ரெண்டே நிமிசம்ணே, மதுரையே உங்கள நம்பித்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"ஒரு டப்பாவக் கழுவ பன்னெண்டு வருசமாடி ஆகும்?"

நான் என்னென்னவோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். மன்னிப்பு, விளக்கம், எல்லாம். டப்பாவை மட்டும் நீட்டினேன். அவள் திறந்து ஒரு பணியாரத்தை வாயில் போட்டு மென்றாள்.

"ஒங்கம்மா சுட்டதில்ல."

"நான் சுட்டது."

"தெரியுது."

அப்புறம் மேஜை இழுப்பறையைத் திறந்து, ரசீதுக் கட்டுகளுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தாள். திரையில் ஒரு கோடு விழுந்திருந்தது. அவளே சார்ஜரில் சொருகினாள். "அப்பப்ப ஏத்தி வச்சிருவேன். என்னைக்காச்சும் நீ வருவன்னு தெரியும்" என்றாள். பெட்டி மெல்ல உயிர் பெற்றது. மொக்கையன் நின்றான். தலையில் கிரீடம், பாதி மூடிய கண், வாயோரம் எச்சில். அவனைப் பற்றிய குறிப்பில், முதலில் வளர்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. யாரிடம் போனாலும் அந்தப் பெயர் மாறாது.

"இவன வச்சு நான் ஒரு சண்ட போட்டதில்ல. அடுத்தவ ராசா" என்றாள்.

பிறகு அவன் கையில் என்ன இருக்கிறது என்று காட்டினாள். செங்கோல்.

அது எனக்குத் தெரியும். விளையாட்டிலேயே ரொம்ப அபூர்வமான பொருள். ஒரே ஒரு குகையில், ஒரு வகை வௌவாலிடம், எப்போதாவது ஒரு தடவைதான் கிடைக்கும். நாங்கள் இருவரும் ஒரு மாதம் தேடிக் கைவிட்டது.

"பட்டம் கட்டுனன்னைக்கே தேட ஆரம்பிச்சேன். மத்தியானச் சோத்த விட்டுட்டுத் தேடுனேன். கெடைக்கவே இல்ல. நீ போன மறுநாள் கெடச்சுச்சு. பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வாரேன்னு சொன்னேன்ல?"

"சொல்லியிருக்கலாம்லடி..."

"ராசாவ வெறுங்கையோட அனுப்பலாமா?" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எங்க வீட்ல அதத்தான சொல்லிக் குடுத்து வளத்தாக."

அவள் அதைக் குத்திக்காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. நான் ஜெராக்ஸ் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த ஒரு அக்கா, ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். கொஞ்சம் அடங்கியதும் மிச்சத்தையும் சொன்னேன். அவள் பிடித்துக் கொடுத்த ஐந்து பேரும் இல்லை, அரண்மனையே இல்லை, என் வாயாலேயே அழிக்கச் சொல்லிவிட்டேன் என்று. அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"என் புழு?"

"புழுவும்தான்."

"அடிப் பாவி! எம் புழுவக் கொன்னுட்டியா!" என்றவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாடிப்படியில் டாக்டர் சத்தம் போடுகிற அளவுக்குச் சிரிப்போமே, அதே சிரிப்பு. பன்னிரண்டு வருடமாக நான் அப்படிச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கிளம்பும்போது, மிச்சப் பணியாரத்தை ஒரு தட்டில் கொட்டினாள். டப்பாவைக் கழுவி, துப்பட்டாவால் ஈரம் போகத் துடைத்தாள். நான் கையை நீட்டவில்லை, அது அவளுடைய டப்பா. ஆனால் அவள் ஒரு கைக்குட்டையை உள்ளே மடித்துப் போட்டு, அதன்மேல் அந்தப் பெட்டியை வைத்து, மூடியை அழுத்தி என்னிடம் கொடுத்தாள்.

"ஆவணி பொறந்து நாலு நாளாச்சு. இப்பத்தான் அவனுக்கு மொற. ஒன் வீட்ல இருந்து ஆளட்டும். சித்திரைக்குக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துரணும்."

திரும்பி வருகிற வழியில் ஆட்டோவை அந்தச் சந்துப் பக்கம் விடச் சொன்னேன். ஸ்கேன் சென்டர் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி போட்ட துணிக்கடை. எங்கள் மாடிப்படி இருந்த பக்கம் லிஃப்ட் இருக்கிறது. டாக்டர் மகனோடு வெளிநாடு போய்விட்டதாக ஜீனத் சொன்னாள். சின்னக் கண்டக்டர் என்று கூப்பிட்ட அண்ணன் ஓய்வு பெற்றிருப்பார். பணியாரம் சுட்ட அம்மா போய் மூன்று வருடமாகிறது. அந்த மாதிரிப் பெட்டிகளையும் இப்போது யாரும் செய்வதில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கைமாற முடியும் என்கிற விளையாட்டும் போய்விட்டது, என் மகள் முகம் தெரியாத யாரோடோ போனில் மாற்றிக்கொள்கிறாள்.

வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். கையில் அதே டப்பாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அய்யோ, இன்னமும் குடுக்கலையாம்மா?"

"குடுத்துட்டேன். திருப்பிக் குடுத்து விட்டாங்க."

"வெறும் டப்பாவா?"

நான் அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ இடித்தது.